இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார ஆறுகளும் படகுப் பயணமும்

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் (ஸ்ரீவில்லிபுத்தூர்) ஆகிய இரண்டும் தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள நகரங்கள் ஆகும். இவ்வட்டாரத்தின் ஆறுகள் மலையில் தோன்றிச் சமவெளியின் கண்மாய்களை நிரப்பி, வைப்பாற்றின் வழியாக மன்னார் வளைகுடாவை அடைகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகக் கிடந்து, மழை பெய்தவுடன் பெருக்கெடுக்கும் இவை படகுப் போக்குவரத்துக்கு உரியவை அல்ல. எனினும் குளிப்பதற்கும், காண்பதற்கும், வழிபாட்டுக்கும் மக்கள் திரளாகச் செல்லும் இடங்களாக இவை உள்ளன. படகில் செல்ல விரும்புவோர் இங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 744 வழியாகக் குற்றாலம், தென்மலை, கொல்லம் ஆகிய இடங்களுக்குச் செல்லலாம். இவ்வட்டாரத்து ஆறுகளின் இயல்பு, அவற்றை அணுகும் முறை, அண்மையிலுள்ள படகுத் தலங்கள், படகில் பின்பற்ற வேண்டிய நடைமுறைகள் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

நில அமைப்பும் நீரோட்டமும்

இவ்வட்டாரம் தென்மேற்குப் பருவமழையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. மேகங்கள் மலையின் மேற்குச் சரிவில் பெரும்பாலும் பொழிந்துவிடுவதால், கிழக்குச் சமவெளிக்குக் கிடைக்கும் மழை குறைவு. சமவெளியின் பெரும்பான்மை மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. எனினும் சூன் முதல் செப்டம்பர் வரை மலை முகடுகளில் பெய்யும் மழையால் அடிவார ஓடைகளில் நீர் வருவதுண்டு. ஊரில் வெயில் அடிக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வருவதற்கு இதுவே காரணம் ஆகும்.

மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் தொலைவு மிகக் குறைவு, சரிவு செங்குத்தானது. எனவே மலையில் பெய்த மழை குறுகிய நேரத்தில் அடிவாரத்தை அடைந்துவிடும். வேகமாக வந்து வேகமாக வடிந்துவிடும் இந்நீரைத் தேக்கி வைக்கவே முன்னோர் கண்மாய்களை அமைத்தனர். ஒரு கண்மாய் நிரம்பியதும் அதன் உபரி நீர் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குச் செல்லும். இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்த கண்மாய்களும், அவற்றை இணைக்கும் வரத்துக் கால்வாய்களும், மடைகளுமே இவ்வட்டார வேளாண்மையின் அடிப்படை ஆகும்.

முதன்மையான ஆறுகளும் நீர்நிலைகளும்

* அய்யனார் கோயில் ஆறு: இராஜபாளையத்துக்கு மேற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் மலையடிவாரத்தில் உள்ளது. இங்குள்ள நீர்காத்த அய்யனார் கோயிலுக்கு வரும் பக்தர்கள் ஆற்றில் நீராடுவது வழக்கம். இம்மலையிலிருந்து வரும் நீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேமிக்கப்பட்டு, இராஜபாளையம் நகரின் குடிநீருக்குப் பயன்படுகிறது.
* சாஸ்தா கோயில் ஆறு: இராஜபாளையம் வட்டம் தேவதானத்தை அடுத்த மலைப்பகுதியில் உள்ளது. இங்கு அருவியும் சிறிய அணையும் உள்ளன.
* செண்பகத்தோப்பு: திருவில்லிபுத்தூருக்கு மேற்கே அமைந்த மலையடிவாரப் பகுதி. காட்டழகர் கோயிலும் மீன்வெட்டிப் பாறை அருவியும் இப்பகுதியைச் சேர்ந்தவை. நரை அணில் (சாம்பல் நிற அணில்) வாழிடமாகவும் இது அறியப்படுகிறது.
* பிளவக்கல் அணைகள்: வத்திராயிருப்புக்கு அருகில் உள்ள பெரியாறு அணை, கோவிலாறு அணை ஆகிய இரண்டும் பிளவக்கல் அணைகள் என வழங்கப்படுகின்றன. இங்குள்ள பெரியாறு, முல்லைப் பெரியாற்றிலிருந்து வேறானது.
* அர்ச்சுனா நதி: வைப்பாற்றின் துணையாறு. இருக்கன்குடி மாரியம்மன் கோயில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் அமைந்துள்ளது.
* வைப்பாறு: மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் தோன்றும் ஓடைகள் பலவற்றின் நீரைப் பெற்று, சாத்தூர், விளாத்திகுளம் வழியாகச் சென்று தூத்துக்குடி மாவட்டத்தின் வைப்பார் கிராமத்துக்கு அருகில் கடலில் கலக்கிறது. இதன் கரையில் உள்ள வெம்பக்கோட்டைப் பகுதியில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வைத் தொடங்கியது.

படகும் தெப்பமும்

படகு செல்வதற்கு ஆழமும், ஓரளவு நிலையான நீர்மட்டமும், மெதுவான நீரோட்டமும் தேவை. இம்மூன்றும் இவ்வட்டாரத்தின் ஆறுகளில் ஒருசேர அமைவதில்லை. மேற்பகுதியில் பாறைகளும், கீழ்ப்பகுதியில் மணலும் உள்ளன. வெள்ளக் காலத்தில் நீரோட்டம் படகைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு விரைவாகவும், மற்றக் காலங்களில் கணுக்கால் அளவிலும் இருக்கும். எனவே காவிரியின் ஒகேனக்கல் பகுதியில் உள்ளது போன்ற பரிசல் தொழில் இங்கு வளரவில்லை.

மிதவை மரபு இங்கு ஆலயத்தோடு தொடர்புடையதாக உள்ளது. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் திருமுக்குளத்தில் மார்கழி நீராட்ட விழாவும் தெப்பத் திருவிழாவும் நடைபெறுகின்றன. தெப்பம் என்பது காற்றடைத்த பீப்பாய்கள் அல்லது மரங்களின் மீது தளம் பிணைத்துக் கட்டப்படும் அகன்ற மிதவை ஆகும். அகலம் மிகுதியாகவும் உயரம் குறைவாகவும் இருப்பதே அதன் நிலைப்புத் தன்மைக்குக் காரணம். பாரத்தைத் தாழ்வாகவும் நடுவிலும் வைக்க வேண்டும் என்னும் இதே விதி எல்லாப் படகுகளுக்கும் பொருந்தும்.

ஆறுகளுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

பருவம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னர், டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை ஓடைகளில் தெளிந்த நீரைக் காணலாம். கண்மாய்கள் நிரம்பி நீர்ப்பறவைகள் வருவதும் இக்காலத்தில்தான். மார்ச்சு முதல் மே வரை பல ஓடைகள் வறண்டுவிடும். காட்டுத் தீ அபாயத்தால் வனப்பகுதிகளுக்குச் செல்ல வனத்துறை தடை விதிப்பதும் உண்டு. கனமழை எச்சரிக்கை உள்ள நாட்களில் எந்தப் பருவமானாலும் ஆற்றுக்குச் செல்லாதிருத்தல் வேண்டும்.

திடீர் வெள்ளம்

இவ்வட்டாரத்து ஆறுகளின் மிகப்பெரிய ஆபத்து திடீர் வெள்ளமே ஆகும். 2015 மே மாதத்தில் சதுரகிரி மலைக்கு வழிபடச் சென்ற பக்தர்களில் பலர் ஓடையில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தனர். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். இவ்விரு நிகழ்வுகளும் மே மாதத்தில், அதாவது பருவமழை தொடங்குவதற்கு முன்னர் நடந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. கோடை இடிமழை சிறிய பரப்பில் குறுகிய நேரத்தில் மிகுதியாகப் பெய்யக்கூடியது. "இது மழைக்காலம் இல்லையே" என்னும் எண்ணம் மலையோடைகளில் பாதுகாப்பு ஆகாது.

வெள்ளம் வருவதற்கான அறிகுறிகள் சில:

* தெளிந்த நீர் திடீரெனக் கலங்கிச் செந்நிறம் அல்லது பழுப்பு நிறம் அடைதல்.
* சருகு, சுள்ளி, நுரை ஆகியவை மிகுதியாக மிதந்து வருதல்.
* நீரின் ஒலி மாறுதல். மேற்புறத்திலிருந்து இரைச்சல் கேட்டல்.
* சற்று முன் வெளியே தெரிந்த கல் நீரில் மூழ்குதல்.
* மலை முகட்டில் கருமேகம் சூழ்தல், இடியோசை கேட்டல்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருட்களை எடுக்கத் திரும்பாமல் உடனே கரையின் மேட்டுப் பகுதிக்கு ஏற வேண்டும். ஆற்றின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடுதல் கூடாது. பக்கவாட்டில் மேடேற வேண்டும். எதிர்க்கரையில் சிக்கிக்கொண்டால் நீர் வடியும் வரை அங்கேயே காத்திருப்பது நல்லது. மலையோடைகளின் வெள்ளம் வேகமாக வடியக்கூடியது. ஆனால் அதைக் கடக்க முற்படுவோரை முழங்கால் அளவு நீரே வீழ்த்திவிடும். தரைப்பாலத்தின் மீது வெள்ளம் செல்லும்போது வாகனத்தை ஓட்டிச் செல்வதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

ஆற்றின் நடுவே உள்ள பாறையிலும் மணல் திட்டிலும் அமர்ந்து உணவு உண்பதும் சமைப்பதும் பலருடைய வழக்கம். அமரும் இடத்தைக் கரைமேல் தேர்ந்துகொண்டு, குழந்தைகளுடன் நீரில் இறங்கும்போது ஒருவரையாவது கரையில் நின்று மேற்புறத்தைப் பார்த்திருக்கச் செய்தல் வேண்டும்.

கண்மாய்களும் கால்வாய்களும்

கண்மாய் நீர் அமைதியாகத் தோன்றினாலும் அதன் அடித்தளம் சீரானது அன்று. வண்டல் மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும். இடுப்பளவு நீரில் நடந்து செல்பவர் அடுத்த அடியில் மூழ்கக்கூடும். நீர் திறந்துவிடப்பட்ட மடையின் அருகே இழுவை மிகுதி என்பதால் அங்கு நீந்துதல் கூடாது. கலிங்கில் நீர் வழியும்போது பாசி படிந்த கல் வழுக்கும். ஆழம் அறியாத நீரில் தலைகீழாகக் குதிப்பதால் கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழக்க நேரிடலாம்.

மூழ்குபவரைக் காக்க நீந்தத் தெரியாதவர் நீரில் குதித்து, இருவரும் உயிரிழப்பது அடிக்கடி நிகழ்கிறது. கரையில் நின்றபடியே துணி, கயிறு, கம்பு ஆகியவற்றை நீட்டலாம். மூடிய வெற்றுக் குடத்தையோ நெகிழிக் குடுவையையோ எறியலாம். உதவிக்கு 112 (அவசர உதவி), 108 (அவசர ஊர்தி), 101 (தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்) ஆகிய எண்களை அழைக்கலாம்.

வன விதிகள்

இவ்வட்டாரத்தின் மலைப்பகுதி 1988-இல் நரை அணில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலைப் பகுதியுடன் சேர்த்துத் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஆகும். எனவே அருவிகளுக்கும் மலைக் கோயில்களுக்கும் செல்வதற்கு வனத்துறையின் அனுமதி தேவைப்படலாம். அனுமதிக்கப்படும் நாளும் நேரமும் மாறக்கூடியவை. புறப்படும் முன் கேட்டறிதல் வேண்டும். யானைகள் மாலையில் நீர் அருந்த ஓடைகளுக்கு வரும் என்பதால், பொழுது சாயும் முன்னரே காட்டை விட்டு வெளியேறுதல் நல்லது.

அண்மையிலுள்ள படகுத் தலங்கள்

திருமங்கலத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 744, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லத்தை அடைகிறது. செங்கோட்டை-புனலூர் இடையிலான மலை இரயில் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டதால், தொடர்வண்டியிலும் கொல்லம் செல்ல இயலும். வறண்ட அடிவாரத்தில் தொடங்கும் இவ்வழி, மலையைக் கடந்து நீர் நிறைந்த நிலத்தில் முடிகிறது.

குற்றாலம்

குற்றாலத்தில் ஐந்தருவி செல்லும் வழியில் வெண்ணமடைக்குளம் உள்ளது. இங்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் செயல்படுகிறது. குளம் நிரம்பியிருக்கும் காலத்தில் மட்டுமே படகுகள் விடப்படுகின்றன. மிதிப்படகும் துடுப்புப் படகும் பழகாதவர்களுக்கும் ஏற்றவை.

தென்மலை

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், கல்லடை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட பரப்பாறு அணையின் நீர்த்தேக்கத்தில் படகுச் சவாரி உள்ளது. நீர்த்தேக்கம் செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்தைச் சார்ந்தது. வழியில் புனலூரில் கல்லடை ஆற்றின் மேல் 1877-இல் கட்டப்பட்ட தொங்கு பாலத்தைக் காணலாம்.

கொல்லம், அட்டமுடி ஏரி, மன்றோ தீவு

கல்லடை ஆறு அட்டமுடி ஏரியில் கலக்கிறது. இவ்வேரி 2002-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆறும் ஏரியும் கூடும் இடத்தில் மன்றோ தீவு உள்ளது. திருவிதாங்கூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த ஜான் மன்றோவின் பெயரால் இது வழங்கப்படுகிறது. இங்குள்ள குறுகிய கால்வாய்களில் கோலூன்றிச் செலுத்தும் சிறு வள்ளங்களில் செல்லலாம். இயந்திர ஒலி இல்லாத இப்பயணத்துக்குக் காலை நேரம் ஏற்றது. கால்வாய்களின் குறுக்கே உள்ள தாழ்ந்த நடைபாலங்களைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். கையைப் படகின் விளிம்புக்கு வெளியே வைத்தல் கூடாது.

கொல்லம் முதல் கோட்டப்புறம் வரையிலான மேற்குக் கடற்கரைக் கால்வாய், சம்பக்கரை, உத்தியோகமண்டல் கால்வாய்களுடன் சேர்த்து 205 கி.மீ. நீளம் கொண்ட தேசிய நீர்வழி 3 என 1993-இல் அறிவிக்கப்பட்டது. 2016-இல் இது கோழிக்கோடு வரை நீட்டிக்கப்பட்டது. இந்நீர்வழியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழை வரையிலான படகுப் பயணம் நெடுங்காலமாகப் புகழ்பெற்றது. சேவை நடைபெறும் நாட்களைக் கேட்டறிந்த பின்னர் செல்லுதல் நல்லது.

படகில் செல்வோருக்கான நடைமுறைகள்

ஏறும் முன்

* படகில் எழுதப்பட்டுள்ள பயணிகள் எண்ணிக்கையைப் பார்த்து, ஏறியவர்களை எண்ண வேண்டும். குழந்தைகளும் கணக்கில் அடங்குவர். எண்ணிக்கை மிகுந்தால் ஏறாமல் அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும்.
* 'லைஃப் ஜாக்கெட்' என்று வழங்கப்படும் உயிர்காப்பு மேலங்கியை ஏறும் முன்னரே அணிந்து, எல்லாக் கொக்கிகளையும் மாட்ட வேண்டும். தோள் பகுதியைப் பிடித்துத் தூக்கினால் அது முகவாய்க்கு மேல் ஏறுமானால் அளவு பெரியது என அறியலாம். குழந்தைகளுக்கு அவர்கள் அளவுக்கு உரியதைக் கேட்டுப் பெற வேண்டும்.
* வேட்டி, சேலை, துப்பட்டா ஆகியவற்றின் தொங்கும் பகுதியைச் செருகிக்கொள்ள வேண்டும். காலணி எளிதில் கழற்றத் தக்கதாக இருத்தல் நல்லது.
* மது அருந்தியவர் படகில் ஏறுதல் கூடாது. படகோட்டி அருந்தியிருந்தாலும் ஏறுதல் கூடாது.

ஏறும்போதும் செல்லும்போதும்

* ஒருவர் பின் ஒருவராக, உடலைத் தாழ்த்தி, படகின் நடுவில் கால் வைத்து ஏற வேண்டும். கரையிலிருந்து குதித்தல் கூடாது.
* எடை இருபுறமும் சமமாக இருக்குமாறு அமர வேண்டும். படகோட்டி சொல்லாமல் இடம் மாறுதல் கூடாது.
* விலங்கையோ பறவையையோ காண அனைவரும் ஒரு பக்கம் திரளுதல் கூடாது. அமர்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். படகைத் திருப்புமாறு படகோட்டியைக் கேட்கலாம்.
* காற்று வலுத்தாலோ, இடி இடித்தாலோ உடனே அருகிலுள்ள கரைக்குத் திரும்ப வேண்டும்.
* பொழுது சாய்ந்த பின்னர் படகில் புறப்படுதல் கூடாது.

படகு கவிழ்ந்தால்

கவிழ்ந்த சிறு மரப்படகு பெரும்பாலும் மிதந்துகொண்டிருக்கும். எனவே கரைக்கு நீந்த முற்படுவதை விடப் படகைப் பற்றிக்கொண்டு மிதப்பதே நல்லது. மீட்க வருவோருக்கும் படகு எளிதில் கண்ணில் படும். ஓடும் ஆற்றில் விழுந்தவர் மல்லாந்து, கால்களைக் கீழ்நோக்கி நீட்டி மிதக்க வேண்டும்; பாறை எதிர்ப்பட்டால் கால் முதலில் படும். மூடிய அறை அல்லது கண்ணாடிச் சாளரம் கொண்ட படகில் ஏறியவுடன் வெளியேறும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

விபத்துகளும் படிப்பினைகளும்

1924 சனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கிச் சென்ற 'ரிடீமர்' என்னும் படகு பல்லனை ஆற்றில் கவிழ்ந்தது. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் அதில் உயிரிழந்தார். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்ததில் 45 பேர் உயிரிழந்தனர்; அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். 2011 டிசம்பர் 25 அன்று தமிழ்நாட்டின் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர்.

இவற்றுள் பல, அமைதியான நீரில், கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நடந்தவை. அளவுக்கு மீறிய பயணிகள், உயிர்காப்பு மேலங்கி அணியாமை, ஒரு பக்கமாகத் திரளுதல், பொழுது சாய்ந்த பின் பயணம் ஆகியவை இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் காரணங்கள் ஆகும். இவை அனைத்தும் பயணிகளின் கண்ணுக்குப் புலப்படக் கூடியவை. எனவே ஏற மறுக்கும் உரிமையே பயணிக்குக் கிடைக்கும் முதற் பாதுகாப்பு எனலாம்.

சட்டம்

இந்தியாவில் உள்நாட்டு நீர்வழிப் படகுகளை முறைப்படுத்த 1917-இல் இயற்றப்பட்ட சட்டத்துக்கு மாற்றாக, உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. இதன்படி இயந்திரத்தால் இயங்கும் கலங்கள் ஆய்வுச் சான்றும் பதிவும் பெற்றிருக்க வேண்டும். அவற்றைச் செலுத்துவோர் உரிய தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணும் பயணிகள் எண்ணிக்கையும் எழுதப்படாத விசைப்படகைத் தவிர்த்தல் நல்லது.

நீர்நிலைகளின் தூய்மை

அய்யனார் கோயில் ஆற்றில் குளிப்பவர் விடும் சோப்பு நுரை, கீழே உள்ள நகரத்தின் குடிநீரை நோக்கிச் செல்கிறது. ஆகையால் மலையோடைகளில் சோப்பு, சீயக்காய், எண்ணெய், நெகிழிப் பைகள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பழைய துணிகளை ஆற்றில் விடும் வழக்கம் நீரோட்டத்தை அடைப்பதோடு நீந்துவோரின் காலிலும் சுற்றிக்கொள்ளும். உடைந்த கண்ணாடிக் குப்பிகள் மணலில் புதைந்து, பின்னர் வருவோரையும் விலங்குகளையும் காயப்படுத்துகின்றன. கால்வாய்களில் ஆகாயத் தாமரை படர்வதற்கும் கழிவுநீர் கலப்பது ஒரு காரணம் ஆகும்.

தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமிகள் இருக்கக்கூடும். காலில் புண் உள்ளவர் கால்வாய் நீரில் இறங்குவதைத் தவிர்த்தல் நல்லது. நீரில் இறங்கிய சில நாட்களில் காய்ச்சலும் கடுமையான தசைவலியும் தோன்றினால், நீரில் இறங்கியதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* வைப்பாறு
* திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம்
* பிளவக்கல் அணை
* அட்டமுடி ஏரி
* தெப்பத் திருவிழா
* பரிசல்